நின்றதற்கு ஒரு சதவீதம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்கும் அந்த இன்சூரன்ஸ் கம்பெனியில் ஒரு பாலிசி இருக்கிறது. ஆகவே பகை வைத்துக்கொண்டு எழுதுகிறேன் என்று யாரும் சொல்ல முடியாது. பகை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆனால் யாரும் சொல்ல முடியாது.

லிப்ட் மெக்கானிக் ஒருவர் தன் மனைவியோடு காரில் போய்க்கொண்டிருந்தார். சிக்னலில் சிவப்பு விழுந்தது, நின்றார். அவருக்கு முன்னால் இரண்டு வண்டிகள் நின்றன, பக்கத்தில் ஒரு பஸ் நின்றது, நடைபாதை ஓரத்தில் ஒரு நாய்கூட நின்றது. அந்த நிமிஷத்தில் அந்தத் தெருவில் நிற்காமல் இருந்தது ஒரே ஒரு ஆள்தான். அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டே பின்னாலிருந்து வந்து, மெக்கானிக்கின் காரை இடித்த பிறகு நின்றார்.

காரின் பின்பக்கம் மடங்கியது. முன் சீட்டில் உட்கார்ந்திருந்த மனைவி கையை நீட்டித் தடுத்துக்கொண்டாள். வலது கட்டைவிரல் பின்பக்கமாக, அது போகக் கூடாத தூரத்துக்குப் போய்வந்தது.

இந்த விபத்தில் மெக்கானிக் செய்த ஒரே தப்பு இதற்கு அப்புறம் நடந்தது. கதவைத் திறந்து இறங்கிப் போய், இடித்த ஆளிடம், "மன்னிச்சிருங்க சார், அடி ஒண்ணும் படலையே?" என்று கேட்டார்.

இது தொழிலால் வந்த வியாதி. லிப்ட் நடுவில் நின்றுபோனால் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கத்தி ஓய்ந்திருப்பார்கள். இவர் போய்க் கதவைத் திறந்ததும் முதலில் சொல்வது, "மன்னிச்சிருங்க, கொஞ்சம் லேட்டாயிடுச்சு." லிப்ட்டைக் கெடுத்தது இவர் இல்லை, லேட்டும் பெரும்பாலும் ஆகியிருக்காது. ஆனாலும் அந்த ஒரு வார்த்தை விழுந்ததும் உள்ளே இருப்பவர்களின் கோபம் பாதியாகிவிடும் என்பதை இருபத்திரண்டு வருஷத்தில் கண்டுபிடித்து வைத்திருந்தார். வீட்டில் குழாய் ஒழுகினால்கூடக் குழாயிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் ஸ்பானரை எடுப்பார் என்று மனைவி சொல்வாள்.

இடித்த ஆள், "பரவால்ல, விடுங்க" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். மெக்கானிக் கேட்ட மன்னிப்பை அப்படியே செல்போனில் பதிவும் செய்துகொண்டார். போன் ஏற்கெனவே கையில்தான் இருந்தது, தேட வேண்டியிருக்கவில்லை.

மனைவி முடி வெட்டுகிறவள். பெண்களுக்கு மட்டுமான சின்னக் கடை, ஒரே நாற்காலி, அதற்கு முன்னால் ஒரு கண்ணாடி. கத்தரியைத் திறந்து மூடுவது முழுக்கக் கட்டைவிரலின் வேலை என்பது வெட்டிக்கொள்கிறவர்களுக்குத் தெரியாது, வெட்டுகிறவர்களுக்குத் தெரியும். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, விரலின் அடியில் தசைநார் அறுந்திருக்கிறது என்றார். "ஆறு வாரத்துக்குள்ள தைச்சாகணும். அதுக்கு மேல போனா அது சுருங்கிடும், அப்புறம் நான் என்ன செஞ்சாலும் ஒட்டாது. கம்பெனியோட ஒப்புதல் கடிதம் ஒரே ஒரு பக்கம், வாங்கிட்டு வந்துடுங்க."

கைக்காசைப் போட்டுச் செய்துகொள்ளலாமே என்று கேட்பவர்கள் அந்த ஆஸ்பத்திரிக்குள் போயிருக்க மாட்டார்கள். ஒரு பக்கக் கடிதம், ஆறு வாரம். இதில் என்ன கஷ்டம் என்றுதான் மெக்கானிக்கும் நினைத்தார்.

மனைவியின் தம்பி அன்றைக்கே வந்துவிட்டான். வேன் ஓட்டுகிறவன், மூன்று விபத்து பார்த்தவன், அதில் இரண்டு அவனே செய்தது. அனுபவசாலி. ஓடிப்போய்ச் சிக்னலை, நொறுங்கின காரை, பஸ் நம்பரை, எல்லாவற்றையும் படம் எடுத்தான். பஸ் டிரைவரிடம் ஒரு வாக்குமூலமும் எழுதி வாங்கினான். அத்தனையையும் ஒரு மஞ்சள் பைலில் போட்டுக் கொடுத்தான்.

"மாமா, நம்ம பக்கம் நியாயம் இருக்குன்னு சும்மா இருந்துடாதீங்க. எதையும் எழுத்துல வாங்குங்க. கம்பெனிக்காரங்க போன் பண்ணா பேரைக் கேட்டாக்கூட யோசிச்சுச் சொல்லுங்க."

"பேரைச் சொல்றதுல என்னடா இருக்கு?"

"உங்ககிட்ட பேசிப் பிரயோஜனம் இல்ல. அக்கா, நீ போனை எடு."

மூன்றாம் நாள் போன் வந்தபோது அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தாள். மாமாதான் எடுத்தார். பேசின பெண்ணின் குரல் சொந்தத் தங்கை மாதிரி இதமாக இருந்தது.

"சார், நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேம்மா."

"வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியம்தாம்மா. நீங்க?"

அவ்வளவுதான் பேச்சு. கம்பெனியின் கோப்பில் அது இப்படி ஏறியது: விபத்துக்குள்ளான இருவரும் காயம் ஏதுமின்றி நலமாக இருப்பதாக வாடிக்கையாளர் தாமாகவே முன்வந்து தெரிவித்தார், அழைத்தவரின் நலனையும் விசாரித்தார்.

ஆறாம் நாள் இருவரும் கம்பெனிக்குப் போனார்கள். ஆறு மாடிக் கட்டடம். வாசலில் ஆள் உயரத்துக்கு, "நீங்கள் விழும் முன் எங்கள் கை நீளும்" என்று எழுதியிருந்தது. விழுந்தவர்களுக்கான கவுண்டர் ஆறாவது மாடியில்.

லிப்ட்டில் ஏறினார்கள். மூன்றாவது மாடி தாண்டியதும் கதவுப் பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. மெக்கானிக்கின் முகம் மாறிவிட்டது. கதவு மூடியிருக்கிறதா என்று லிப்ட்டுக்குச் சொல்லும் பாகம் தேய்ந்திருக்கிறது, இன்னும் ஒரு மாதம் தாங்காது, ஒருநாள் நடுவிலேயே நிற்கும் என்று வரவேற்பு மேஜையில் சொன்னார். மேஜைக்காரர் ஒரு படிவத்தை நீட்டினார். மெக்கானிக் நின்றுகொண்டே அழகாகப் பூர்த்தி செய்து கொடுத்தார். அதற்கப்புறம் வந்த நாட்களில் மனைவியை அந்த லிப்ட்டில் ஏறவிடவில்லை. ஆறு மாடியும் படிதான். பத்து நாள் கழித்து அந்தப் படிவத்துக்குப் பதில் வந்தது: தங்கள் லிப்ட்டுக்கு ஏற்பட்ட பழுதுக்கு வருந்துகிறோம், அது தங்கள் பெயரில் இல்லாததால் இழப்பீடு வழங்க இயலாது.

மூன்றாம் கவுண்டரில் ஒருவர் இருந்தார். பார்க்க ஒழுங்கான, படித்த, தலைவாரிய மனிதர்.

"சார், ஒரு விபத்துன்னா மொத்தம் நூறு சதவீதம் தப்பு இருக்கும். அதை ரெண்டு பேருக்கும் பிரிக்கணும். உங்க பங்கு எவ்வளவு போடட்டும்?"

"என் பங்கு ஒண்ணும் இல்லீங்களே. நான் சிக்னல்ல நின்னுட்டிருந்தேன்."

"ஒண்ணும் இல்லைங்கறது கிடையாது சார். ஒண்ணுலேர்ந்து தொண்ணூத்தொம்பது வரைக்கும் எது வேணா சொல்லுங்க. உங்க சௌகரியம்தான்."

"பூஜ்ஜியம் போடுங்களேன்."

"இந்தக் கட்டம் பூஜ்ஜியத்தை ஏத்துக்காது சார்."

"போட்டுப் பாத்திருக்கீங்களா தம்பி?" என்று மனைவி கேட்டாள்.

மூன்றாம் கவுண்டருக்கு முகம் சுருங்கிவிட்டது. "மேடம், நான் இந்த சீட்ல பதினோரு வருஷமா இருக்கேன். நான் வந்தன்னிக்கே சொல்லிட்டாங்க, ஏத்துக்காதுன்னு."

இதிலிருந்த சூட்சுமம் என்னவென்றால், பூஜ்ஜியம் விழுந்தால் ஒப்புதல் கடிதம் அங்கேயே அப்போதே அச்சாகி வந்துவிடும். ஒரு சதவீதம் இருந்தால்கூட கேஸ் 'கூட்டுப் பொறுப்பு' பிரிவுக்குப் போகும். அங்கே இரண்டு தரப்பும் வந்து உட்கார்ந்து பேசி, பங்கை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்ட பிறகுதான் கடிதம். இடித்த ஆளுக்கு வருவதற்கு அவசரம் ஒன்றும் இல்லை. அவருடைய கட்டைவிரல் நன்றாக இருந்தது, போனைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

"உங்களைப் பாத்தா நல்லவரா தெரியுது சார். உங்களுக்காக ஒண்ணு போட்டுடறேன். மத்தவங்களுக்கு நான் பத்துக்குக் கீழ போட்டதே இல்ல."

"ரொம்ப நன்றிங்க" என்றார் மெக்கானிக். மேஜைக்கு அடியில் மனைவி அவருடைய காலை மிதித்தாள். லேட்டாகிவிட்டது.

அடுத்த வாரம் விண்ணப்பம் திரும்பி வந்தது. அதில் மனைவி இடது கையால் போட்டிருந்த கையெழுத்து, பாலிசி எடுத்தபோது போட்ட மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லையாம். மறுபடியும் ஆறு மாடி.

"வலது கையிலதானே தம்பி அடி? அதுக்குத்தானே விண்ணப்பமே?"

"புரியுது மேடம். ஆனா வலது கையால போட்டாத்தான் விண்ணப்பம் செல்லும்."

"வலது கையால போட முடிஞ்சா விண்ணப்பம் எதுக்கு?"

"கரெக்ட் மேடம்." மூன்றாம் கவுண்டருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "அப்படிப் போட்டுட்டீங்கன்னா கேஸை அன்னிக்கே முடிச்சிடலாம்."

அவள் அன்றைக்குப் படியில் இறங்கும்போது அழுதாள். கட்டைவிரல் வலிக்காக அழவில்லை. கடைக்கு வந்த ஒரு பெண்ணிடம் அன்று காலையில்தான், "இன்னும் கொஞ்ச நாள் ஆகும்மா" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அந்தப் பெண் எதிர்வரிசைக் கடைக்குள் நுழைந்ததைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நின்றிருந்தாள். மெக்கானிக்குக் கையைப் பிசைவதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. "மன்னிச்சிரு" என்றார். "நீங்க எதுக்குங்க?" என்றாள் அவள்.

இருபத்திரண்டாம் நாள் கம்பெனியின் மதிப்பீட்டாளர் கூப்பிட்டார். ஐந்தாவது மாடியில் இதற்கென்றே ஓர் அறை இருக்கிறது. தரையில் சாலை வரைந்திருக்கிறார்கள், ஓரத்தில் ஒரு சிக்னல் விளக்கு, நடுவில் நாலு நாற்காலி. முன்னாலிருந்த நாற்காலியின் காலடியில் பிரேக்குக்குப் பதிலாக ஒரு மரத்துண்டு கிடந்தது.

"நீங்க அன்னிக்கு எப்படி நின்னீங்களோ, அப்படியே நில்லுங்க சார்."

மெக்கானிக் நாற்காலியில் உட்கார்ந்து மரத்துண்டை மிதித்துக்கொண்டார். மதிப்பீட்டாளர் அறையின் மறுகோடிக்குப் போய், சக்கரம் வைத்த ஒரு நாற்காலியில் ஏறி, சுவரை உதைத்துக்கொண்டு வேகமாக வந்து பின்னால் இடித்தார். மெக்கானிக் நாற்காலியோடு குப்புற விழுந்தார். மதிப்பீட்டாளர் எழுதிக்கொண்டார்: மோதலைத் தவிர்க்க முயற்சி எதுவும் எடுக்கவில்லை.

"இன்னொரு தடவை பாத்துடலாம்."

இரண்டாம் தடவை சக்கரச் சத்தம் கேட்டதும் மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். மதிப்பீட்டாளர் எழுதிக்கொண்டார்: மோதல் நிகழப்போவது முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. ஒன்றாக இருந்த பங்கு பதினைந்தாயிற்று.

மனைவி மஞ்சள் பைலைத் திறந்து சிக்னல் படத்தைக் காட்டினாள். அவர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இந்த சிவப்பு விபத்துக்கு அப்புறம் எடுத்த சிவப்பு மேடம். விபத்து நடந்தப்ப இருந்த சிவப்போட படம் இருந்தா குடுங்க."

"இடி வாங்கப்போறோம்னு தெரிஞ்சு முன்னாடியே படம் எடுத்து வச்சிருக்கணுமா?"

"நிறையப் பேர் அந்த ஜாக்கிரதை இல்லாமத்தான் இங்க வர்றாங்க." பிறகு அவள் விரலில் போட்டிருந்த கட்டைப் பார்த்து, "கத்தரி பிடிக்க ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போதாதா?" என்று கேட்டார்.

"நாளைக்குக் கடைக்கு வாங்க. ரெண்டு விரலாலேயே வெட்டி விடறேன். காது ரெண்டும் உங்களுக்குக் கட்டாயம் வேணுமா?"

மதிப்பீட்டாளர் அதையும் எழுதிக்கொண்டார். பங்கு பதினெட்டு.

முப்பத்துமூன்றாம் நாள், மச்சினன் நாலு பதிவுத் தபால் அனுப்பிய பிறகு, மேலாளர் நேரில் பார்க்கச் சம்மதித்தார். அவருடைய அறையில் கம்பளம் கணுக்கால்வரை புதைந்தது. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார், பேசினார். அவர் பேசியதை ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல் தருகிறேன், ஏனென்றால் நான் கூட்ட வேண்டிய அவசியம் இல்லை.

"சார், நாங்க முழுக்க முழுக்க உங்க பக்கம். இடிச்சவரும் நம்ம வாடிக்கையாளர்தான், அதனால அவர் பக்கமும் நாங்கதான். ரெண்டு கண்ணுல எந்தக் கண்ணு தப்பு பண்ணிச்சுன்னு எந்த மனுஷனாவது சொல்வானா? இந்தக் கட்டடத்தைப் பாருங்க, ஆறு மாடி. வந்தவங்களுக்கெல்லாம் அன்னன்னிக்கே கடிதம் குடுத்திருந்தா இது எழும்பியிருக்குமா? பொறுமையால எழும்பினது சார். உங்களை மாதிரி ஆளுங்களோட பொறுமையால. இங்க வர்றவங்கள்ல பாதிப் பேர் மூணாவது தடவைக்கு மேல வர்றதே இல்ல. அவங்களுக்கெல்லாம் குணமாயிடுச்சுன்னு நாங்க எடுத்துக்கறோம். அதுல எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?"

"எனக்கு இன்னும் ஒன்பது நாள்தான் சார் இருக்கு" என்றாள் மனைவி. "சிக்னல்ல நின்னதுல என்ன தப்புன்னு மட்டும் சொல்லிடுங்க."

மேலாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நின்னீங்க. அதுதாம்மா எங்க கவலையே. நீங்க அந்த இடத்துல இல்லாம இருந்திருந்தா அவர் எதை இடிச்சிருப்பார்? நின்னவங்க மேல தப்பில்லன்னு இன்னிக்கு ஒத்துக்கிட்டா, நாளைக்கு எல்லாரும் நின்னுடுவாங்க. அப்புறம் இந்தத் தொழிலை எப்படி நடத்தறது?"

மெக்கானிக் எழுந்தார். கோபமாக ஏதாவது சொல்லிவிடப் போகிறார் என்று மனைவி ஆவலோடு பார்த்தாள். "சார், ஒரு விஷயம். அந்த லிப்ட்ல போகாதீங்க. எந்த நேரம் வேணா நின்னுடும்" என்றார்.

"எழுத்துல குடுத்திருக்கீங்களா?"

"குடுத்திருக்கேன் சார்."

"அப்ப கவலைய விடுங்க. ஆய்வுல இருக்கும்."

நாற்பத்தோராம் நாள் பகல் ஒரு மணிக்கு லிப்ட் ஆய்வை முடித்துக்கொண்டது.

மெக்கானிக்கும் மனைவியும் கடைசி முயற்சியாகப் படியேறிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் ஆறு வாரம் முடிகிறது. டாக்டர் மறுநாள் காலையை அவளுக்காக ஒதுக்கி வைத்திருந்தார், கடிதம் வராவிட்டால் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார். நாலாவது மாடிக்கு வந்தபோது லிப்ட் கதவுக்குப் பின்னாலிருந்து யாரோ குத்துகிற சத்தம் கேட்டது. வெளியே பதினைந்து இருபது பேர் கூடி, என்ன படிவத்தில் எழுதுவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். சாப்பிடக் கீழே கிளம்பிய மேலாளர் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் நின்றுவிட்டார். மூன்றாம் கவுண்டர்க்காரர் கையகலக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருந்தார். லிப்ட் பராமரிப்பு ஆட்களுக்குப் போன் போட்டாகிவிட்டது. அவர்கள் மூன்று வேலை நாளுக்குள் வருவதாகச் சொன்னார்களாம்.

மெக்கானிக் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மனைவி யோசித்தாள், ஆனால் அதற்குள் அவர் கிளம்பிவிட்டார். "மொட்டை மாடியில மெஷின் ரூம் இருக்கும். கரண்டை அணைச்சிட்டு, பிரேக்கை விட்டு, சக்கரத்தைக் கையால சுத்தித்தான் லிப்ட்டை மட்டத்துக்குக் கொண்டு வரணும். கால் மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் அவர்கிட்ட பேச்சுக் குடுத்துட்டே இரு, பயந்துடுவாரு." சொல்லிவிட்டு இரண்டு இரண்டு படியாக மேலே போனார்.

பேச்சுக் கொடுக்கச் சொன்னார். அவள் ஒரு நாற்காலியை லிப்ட் கதவுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மடியில் மஞ்சள் பைல். ஆறு வாரமாக அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்விகள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

"சார், நல்லா இருக்கீங்களா?"

உள்ளேயிருந்து குரல் கௌரவத்தை விடாமல் வந்தது. "நான் நல்லாத்தான் இருக்கேன். சீக்கிரம் கதவைத் திறக்கச் சொல்லுங்க."

"தம்பி, எழுதிக்கங்க. நல்லா இருக்காராம். காயம் எதுவும் இல்ல."

பதினோரு வருஷப் பழக்கம். மூன்றாம் கவுண்டர்க்காரரின் விரல்கள் தாமாகவே தட்டின.

"யோவ், எழுதாதே!"

"லிப்ட் நின்னப்ப நீங்க என்ன சார் செஞ்சிட்டிருந்தீங்க?"

"என்ன செய்வாங்க? சும்மா நின்னுட்டிருந்தேன்."

"நின்னது நீங்களா எடுத்த முடிவா, யாராவது சொன்னாங்களா?"

"என்னம்மா கேள்வி இது? லிப்ட்ல நிக்காம என்ன செய்ய முடியும்?"

"நீங்க அந்த இடத்துல இல்லாம இருந்திருந்தா லிப்ட் யாரை மாட்ட வச்சிருக்கும்?"

கூடியிருந்தவர்களில் யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்கள். மேலே மெக்கானிக் கரண்டை அணைத்திருக்க வேண்டும், உள்ளே விளக்கு போய்விட்டது. குரலிலிருந்த கௌரவமும் அதோடு போயிற்று.

"இருட்டா இருக்கும்மா! மூச்சு முட்டுது!"

"நல்லா இருக்கேன்னு முதல்லயே சொல்லிட்டீங்களே சார், பதிவாயிடுச்சு. சரி, மொத்தம் நூறு சதவீதம் தப்பு இருக்கு. லிப்ட்டுக்கும் உங்களுக்கும் பிரிக்கணும். உங்க பங்கு எவ்வளவு போடட்டும்? ஒண்ணுலேர்ந்து தொண்ணூத்தொம்பது வரைக்கும். உங்க சௌகரியம்தான்."

"என் பங்கா? ஒண்ணும் கிடையாது! பூஜ்ஜியம்! சும்மா நின்னவன் மேல என்னம்மா தப்பு?"

அவள் மெதுவாகத் திரும்பினாள். "கேட்டீங்களா தம்பி? நின்னவங்க மேல தப்பில்லன்னு மேலாளரே சொல்லிட்டாரு. எங்க கேஸைத் திறந்து அதைப் போடுங்க."

"மேடம், அது ஏத்துக்காது."

"போடுங்க தம்பி. ஒரே ஒரு தடவை. நாளைக்கு எனக்குக் கை போயிடும்."

அவர் அவளுடைய விரல் கட்டைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்து, "சார், பூஜ்ஜியம் போடட்டுங்களா?" என்று கேட்டார்.

"எதை வேணா போடுய்யா! கதவைத் திற!"

பதினெட்டை அழித்துவிட்டுப் பூஜ்ஜியத்தைத் தட்டினார். கட்டம் பச்சையாயிற்று. அதற்குப் பூஜ்ஜியத்தின் மேல் எந்தக் காலத்திலும் விரோதம் இருந்ததில்லை. பதினோரு வருஷமாக, அதற்கு முன்னால் எத்தனை வருஷமோ, ஒருத்தர்கூடப் போட்டுப் பார்த்ததில்லை. நாலாவது மாடியின் அச்சு இயந்திரம் ஒரு பக்கத்தைத் துப்பியது.

அந்த மனிதர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனை பேருடைய முகம் அந்தப் பச்சைக் கட்டத்தில் தெரிந்ததோ, எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். "பெற்றுக்கொண்டதுக்கு ஒரு கையெழுத்து மேடம்" என்று தாளை நீட்டி, குரலைத் தாழ்த்தி, "இடது கையாலேயே போடுங்க. நான் பாக்கல" என்றார்.

அவள் கடிதத்தை மடித்து மஞ்சள் பைலில் வைக்கவும் லிப்ட் உறுமாமல் மெல்ல இறங்கி மூன்றாவது மாடி மட்டத்துக்கு வரவும் சரியாக இருந்தது. கூட்டம் கீழே ஓடியது. மெக்கானிக் கையெல்லாம் கிரீஸோடு இறங்கி வந்து, பையிலிருந்த சாவியைப் போட்டுக் கதவைத் தள்ளினார். மேலாளர் வேர்த்து விறுவிறுத்து, சட்டைப் பித்தான் மூன்று திறந்து, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே வந்தார். அவர் நன்றி சொல்ல வாயைத் திறந்தார் என்றே சிலர் சொல்கிறார்கள். அதற்குள் மெக்கானிக் முந்திக்கொண்டார்.

"மன்னிச்சிருங்க சார், கொஞ்சம் லேட்டாயிடுச்சு."

மேலாளரின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. பித்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டார்.

"மன்னிப்புக் கேட்டாரு. எல்லாரும் கேட்டீங்கல்ல? எழுதிக்க."

மனைவி பைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இருக்கிற ஒரு கையால் புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மூன்று மாடியையும் இறங்கினாள்.

மறுநாள் காலை விரலைத் தைத்தார்கள். கட்டுப் பிரித்த அன்று டாக்டர் விரலை மடக்கிப் பார்த்து, திறந்து பார்த்தார். மடங்குவது முழுசாக மடங்கியது. திறப்பது முக்கால்வாசியோடு நின்றது. "முதல் வாரத்துலயே தைச்சிருந்தா முழுசாத் திறந்திருக்கும்" என்றார். அந்தக் கால்வாசியைக் கம்பெனியின் கம்பளத்தில் எங்கோதான் தேட வேண்டும். அவளால் இப்போது நேராக வெட்ட முடியும். அடுக்கடுக்காக வெட்டச் சொல்பவர்களை எதிர்வரிசைக் கடைக்கு அவளே அனுப்பிவிடுகிறாள். அனுப்பிவிட்டுச் சிரிக்கவும் செய்கிறாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

தினமும் அரை மணி நேரம் காகிதம் வெட்டிப் பழகினால் இன்னும் கொஞ்சம் திறக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். கொஞ்சம் தடித்த காகிதமாக இருந்தால் நல்லதாம். அதற்குக் குறைவில்லை. கம்பெனியிலிருந்து வாரம் இரண்டு கடிதம் வருகிறது. லிப்ட் நின்ற சம்பவத்தில் மெக்கானிக்கின் பங்கு அறுபது சதவீதம் என்று முதல் கடிதம் சொன்னது: முன்கூட்டியே தெரிந்திருக்கிறது, எழுத்தில் கொடுத்திருக்கிறார், கடைசியில் மன்னிப்பும் கேட்டிருக்கிறார். அடுத்த கடிதத்தில் எழுபதாயிற்று. அருமையான காகிதம், முத்திரை வைத்தது. மச்சினன் ஒவ்வொன்றையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு மூலத்தை அக்காவிடம் கொடுத்துவிடுகிறான். அவள் கடைநாற்காலியில் உட்கார்ந்து ஓரத்திலிருந்து ஆரம்பித்துச் சன்னமாக வெட்டிக்கொண்டே போகிறாள்.

போன வாரம் மெக்கானிக் தபால் பெட்டியைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தார்.

"மன்னிச்சிரும்மா, இன்னிக்கு லெட்டர் ஒண்ணும் வரல."

அவள் கத்தரியைத் திறந்து பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் யோசித்தாள்.

"அந்தப் பாலிசியை எடுத்துட்டு வாங்க. நாப்பத்தெட்டுப் பக்கம் இருக்கு."